நாலு பேர் தூங்கி விற்ற வீடு

ஓய்வு பெற்ற ரயில் கார்டு இந்தக் கதையைச் சொல்லத் தொடங்கும்போதெல்லாம் முதலில் நான்கு விரல்களை நீட்டிக் காட்டுவார்.

"வாங்க வந்தவங்க தூங்குறாங்க. கூட வந்த புரோக்கர் தூங்குறான். சாட்சிக்கு உட்கார்ந்த லாண்டரியம்மா தூங்குறாங்க. விக்கிற நானும் தூங்குறேன். நாலு பேரும் கண்ணைத் திறக்குறதுக்குள்ள வீடு வித்துப்போச்சு. கேட்ட விலைக்கு, ஒத்தைக் காசு குறையாம!"

கேட்டவர்களுக்குத் தேநீர் புரையேறும். சிலர் அவர் முதுகைத் தட்டிக் கொடுத்துவிட்டு எழுந்து போவார்கள். மச்சான் மட்டும் போக மாட்டார். அவர் கார்டின் மனைவிக்கு அண்ணன். பெரிய தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை நேரத்தில் கண்ணயர்ந்தவர்களைக் கையும் களவுமாகப் பிடிப்பதுதான் முப்பது வருடமாக அவர் பார்த்த உத்தியோகம். பகலில் எதிரில் இருப்பவர் கொட்டாவி விட்டால்கூட, சட்டைப் பையில் பேனாவைத் தேடுவார்.

"மாப்பிள்ளை, முப்பத்தாறு வருஷம் கடைசிப் பெட்டியில நின்னு காத்து வாங்கினீங்க. அதுல கொஞ்சம் காது வழியா உள்ள போயிடுச்சு போல."

"வீடு வித்தது உண்மையா இல்லையா மச்சான்?"

"வித்தது உண்மை. தூங்கினது பொய். தூங்குற ஆள் கையெழுத்துப் போடமாட்டான். எத்தனை பேரைப் பாத்திருக்கேன்!"

கார்டு சிரித்துக்கொள்வார். அவருக்குக் கோபம் வராது. கோபப்பட்டால் கதையை முதலிலிருந்து சொல்லும் வாய்ப்பு போய்விடும்.

கதை தொடங்குவது ஒரு தையல் கடையில். அப்போது அது தையல் கடையாக இல்லை. பேனாவும் நோட்டும் விற்கும் கடையாக இருந்தது. சந்தைத் தெருவின் மூலையில், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, மேலே குடியிருக்க இரண்டு அறைகள். கார்டின் மனைவி அந்தக் கண்ணாடி முன்னால் நிற்காமல் சந்தைக்குப் போனதுமில்லை, வந்ததுமில்லை. அடுப்புக்கும் அலமாரிக்கும் நடுவே மெஷினைப் போட்டு, ஒரு கையால் தைத்துக்கொண்டே மறு கையால் பாலைக் கிளறி முப்பது வருடம் ஓட்டியவள் அவள். அவள் தைத்த சட்டைகளில் சமையல் வாசனை வருகிறது என்று யாரோ ஒருத்தி சொன்னதை இன்றுவரை மறக்கவில்லை.

நோட்டுக் கடைக்காரர் கடையை விற்கப் போகிறார் என்று தெரிந்ததும் அவளே போய்ப் பேசினாள். தொண்ணூறு நாள் பொறுப்பதாக அவர் சொன்னார். அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை. செருப்புக் கம்பெனி ஒன்று காத்திருக்கிறது. கார்டுக்கு ஓய்வுப் பணமாக வந்ததை அப்படியே கொடுத்தாலும் கடையில் முக்கால்வாசியைத்தான் வாங்க முடியும். முக்கால்வாசிக் கடையில் எப்படித் தைப்பது?

"பழைய வீடு ஒண்ணை வாங்குவோம்," என்றார் கார்டு. "சீர்பண்ணி, கைமாத்தி விடுவோம். ஊர்ல பாதிப்பேர் அதைத்தான் செய்யிறான்."

"வீட்டைப் பத்தி உங்களுக்கு என்னங்க தெரியும்?"

"உள்ள போறது, வெளிய வர்றது தெரியும்."

மச்சான் பணத்தை பேங்கில் போடச் சொன்னார். மனைவி இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் சந்தையிலிருந்து திரும்பி வந்தவள், பையைக்கூடக் கீழே வைக்காமல், "சரி, வாங்குங்க. ஆனா கடை கைவிட்டுப் போச்சுன்னா, உங்க சட்டைக்குப் பொத்தான்கூட தைக்கமாட்டேன்" என்றாள். சொன்னதைச் செய்கிறவள். கார்டு தன் சட்டைப் பொத்தான்களை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

வாங்கிய வீட்டைப் பற்றி என்ன சொல்ல? கதவைத் தட்டினால் திறக்காது, விழும். குழாயைத் திருகினால் தண்ணீர் வருவதற்கு முன் நான்குவித இருமல் வரும். சமையலறைத் தரையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார்கள். அது சாக்கடைப் பக்கம் போகாமல், வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வாசல் வழியாக வெளியேறியது. நடு அறை இருக்கிறதே, அது இருட்டு இல்லை, இருட்டுக்கே அப்பன். நடுப்பகல் பன்னிரண்டு மணிக்கு கார்டு அங்கே தன் மனைவியிடம் ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தார். பிறகுதான் தெரிந்தது, அது பழைய பீரோ.

"இது வீடா," என்றாள் அவள் வாசலில் நின்றே, "இல்ல வீடு இருந்த இடமா?"

மேஸ்திரி காதில் செருகிய பென்சிலை எடுக்காமலே வீட்டைச் சுற்றி வந்தார். அதிகம் பேசாத மனிதர். "குடியிருக்கவா, விக்கவா?" என்று கேட்டார்.

"விக்க."

"அப்ப பளிங்கு, பூவேலைன்னு ஆசைப்படாதீங்க. குளியலறை, சமையலறை, வெளிச்சம். இந்த மூணுக்கு மேல செலவு பண்ணா அடுத்தவனுக்குத்தான் லாபம்."

வெளிச்சத்துக்கு வழி சுலபம். வீட்டின் ஒரு பக்கம் அகலமான சந்து. நல்ல வெயில் விழும். மறு பக்கம் ஒரு லாண்டரியின் முற்றம். நடு அறையில் சந்துப் பக்கச் சுவரை இடித்து ஒரு பெரிய ஜன்னல் வைக்க வேண்டியது. புதுக் கண்ணாடிக் கதவு இரண்டையும் கார்டு முன்கூட்டியே வாங்கி வந்துவிட்டார். பென்ஷன் அலுவலகத்துக்குப் போகவேண்டிய நாளில், மேஸ்திரியிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். 'நடு அறை, வலதுபக்கச் சுவர், மூன்றடி தள்ளி.'

இங்கேதான் அந்த முப்பத்தாறு வருடம் வேலையைக் காட்டியது. சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டியில், பின்பக்கத்து மேடையில் நின்று, விலகிப் போகும் தண்டவாளத்தையே பார்த்து வந்தவர் கார்டு. எல்லோருக்கும் ஊர்கள் எதிரே வரும்; அவருக்கு ஊர்கள் விலகித்தான் போகும். மலைகள் முதலில் பெரிதாக நின்று, பிறகு விரல் அளவாகி, பிறகு புகைமாதிரி கரையும். கையசைக்கும் பிள்ளைகள் புள்ளியாகிப் போவார்கள். எதையும் அது போன பிறகே பார்த்துப் பழகியவர், வீட்டையும் அப்படித்தான் அளந்திருந்தார்: கடைசி அறையான சமையலறையில் நின்று, வாசலைப் பார்த்தபடி.

அவர் திரும்பி வந்தபோது நடு அறையில் செங்கல் தூசி அடங்கிக்கொண்டிருந்தது. சுவரில் ஆளுயரத்துக்கு ஓட்டை. லாண்டரிப் பக்கத்தில்.

"மேஸ்திரி! சந்து இந்தப் பக்கம் இருக்கே!"

"காகிதத்துல வலதுபக்கம்னு இருக்கு."

"வலதுபக்கம்தான். சமையலறையில நின்னு பாருங்க!"

மேஸ்திரி அவரை மேலும் கீழும் பார்த்தார். "வீட்டுக்குள்ள யாருங்க பின்பக்கமா வருவாங்க?"

"இவர் வருவார்," என்றாள் மனைவி. "கல்யாணத்துக்கே அப்படித்தான் வந்தார்."

அடைத்துவிட்டு மறு பக்கம் இடிக்கவேண்டும் என்றால் இன்னும் பன்னிரண்டு நாள். தொண்ணூறில் ஐம்பது போயிருந்தது. கார்டு தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்தார். மனைவிக்குத் திட்ட நிறைய இருந்தது. எப்படித் தொடங்கலாம் என்று யோசித்தபடி ஓட்டையின் அருகே போனவள், அப்படியே நின்றுவிட்டாள்.

வெளியே வெள்ளை. கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் வெள்ளை. மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளும் ஹோட்டல் போர்வைகளும் வரிசை வரிசையாகக் கொடியில் காய்ந்தன. இருநூறு இருக்கும் என்பார் லாண்டரியம்மா. கார்டு இரண்டாயிரம் என்பார். காற்று ஒரு கோடியில் நுழைந்தால், ஒவ்வொரு விரிப்பாகத் தூக்கி, மூச்சு விட்டு, இறக்கிவிட்டு, மறு கோடிக்கு மெல்ல நடந்துபோனது. ஈரத்துணிகளின் நடுவே புகுந்து வந்ததில் அந்தக் காற்று குளிர்ந்து, சோப்பு வாசனையோடு அறைக்குள் வந்தது. விரிப்புகளில் பட்டுத் திரும்பிய வெயில் கூரையில் அலையலையாக ஓடியது. வீடு ஏதோ ஏரியின் அடியில் இருப்பதுபோல.

அவள் ஒரு சிமென்ட் மூட்டைமேல் உட்கார்ந்தாள். திட்டுவதற்குத்தான் வாயைத் திறந்தாள். "உங்களை..." என்றாள். அவ்வளவுதான். தலை சுவரில் சாய்ந்தது. முப்பது வருடம் ஊசியும் கரண்டியுமாக ஓய்ந்ததே இல்லாத அந்தக் கைகள் இரண்டும் மடியில் மல்லாந்து கிடந்தன. அவள் விரல்கள் சும்மா இருந்து கார்டு அன்றுதான் பார்த்தார். மேஸ்திரியைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். மேஸ்திரி கரணையைக் குழந்தையைக் கிடத்துவதுபோல் தரையில் வைத்தார்.

இரண்டு மணிநேரம் கழித்து விழித்தவள் முதலில் கேட்டது: "இந்த வீட்டை விக்கத்தான் வேணுமா?"

கார்டு வாயைத் திறப்பதற்குள் அவளே தலையைப் பலமாக ஆட்டிக்கொண்டாள். "வேணும் வேணும். எனக்குக் கடைதான் வேணும். தூக்கம் எங்க போயிடும், வயசானா தானா வரும். ஆனா இந்தச் சுவரை அடைக்காதீங்க."

மறுநாள் காலை லாண்டரியம்மா வந்தார். கையில் துணி அடிக்கும் கட்டை. அவர் குரலைக் கேட்டு மூன்று தெருவுக்கு அப்பால் குதிரைகள் மிரண்டன என்பார் கார்டு. அந்த வட்டாரத்தில் குதிரையே கிடையாது.

"யாரைக் கேட்டு என் முற்றத்துப் பக்கம் ஓட்டை போட்டீங்க? என் துணியை எண்ணிப் பாக்கவா? இன்னைக்கே அடைக்கணும். அடைக்கலைன்னா இந்தக் கட்டையாலயே..."

"உட்கார்ந்து பேசுவோம்மா," என்று கார்டு நாற்காலியைக் காட்டினார். அதில் சூழ்ச்சி எதுவும் இல்லை. உண்மையாகவே மரியாதைக்குத்தான் சொன்னார்.

"உட்காரவெல்லாம் நேரமில்ல," என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார் லாண்டரியம்மா. "இந்தக் கட்டையாலயே..." என்று மறுபடி தொடங்கினார். கட்டை கையிலிருந்து நழுவி உருண்டு போய் மூலையில் நின்றது. நடுப்பகலில் கண் விழித்தவர், தன் முற்றத்தை முதன்முதலாகப் பார்ப்பவர்போல் ஜன்னல் வழியே வெகுநேரம் பார்த்தார்.

"இருபத்திரண்டு வருஷமா காயப்போடுறேன்," என்றார் மெதுவாக. "இந்தப் பக்கத்துல இருந்து பார்த்ததே இல்ல." பிறகு முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தார். "ஜன்னல் இருக்கட்டும். ஆனா சாப்பாட்டுக்கு அப்புறம் நான் அரைமணி நேரம் வந்துட்டுப் போவேன்."

வீடு தயாரானது. தண்ணீர் சாக்கடையின் பக்கம் போகக் கற்றுக்கொண்டது. குழாய்களுக்கு இருமல் நின்றது. புரோக்கர் ஆட்களைக் கூட்டிவரத் தொடங்கினார். தொல்லையும் தொடங்கியது.

முதலில் வந்தது கணவனும் மனைவியும். "தண்ணி எத்தனை மணிக்கு..." என்று கேட்ட கணவன், 'வரும்' என்ற சொல்லைச் சாயங்காலம் நாலரைக்குச் சொன்னார். அவரை எழுப்பப் போன மனைவியும் பக்கத்திலேயே சரிந்திருந்தாள். இருவரும் வெட்கத்தோடு செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. அடுத்து ஒரு வக்கீல், குறை கண்டுபிடிக்கவே டேப்போடு வந்தவர். சுவரை அளந்தவர் நீட்டிய டேப்பைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டே குறட்டை விட்டார். பிறகு போனையே எடுக்கவில்லை. நின்றபடி குறட்டை விட்ட செய்தி வெளியே போனால் கோர்ட்டில் யார் மதிப்பார்கள்? மூன்றாவதாக ஒரு குடும்பம் வந்தது. எட்டுப் பேர். அன்று அந்த அறையைப் பார்த்தால் ரயில் நிலையத்துக் காத்திருப்பு அறை போலிருந்தது.

"சார்," என்றார் புரோக்கர், கண்ணைக் கசக்கிக்கொண்டு, "வர்றவங்க வீட்டைப் பாக்கமாட்டேங்குறாங்க. தூங்கிட்டுக் கிளம்பிடறாங்க. நான் என்ன புரோக்கரா, தாலாட்டுப் பாடுறவனா? விலையே பேச முடியலையே! ஜன்னலை அடைச்சிருங்க. இருட்டா இருந்தாலும் பரவாயில்ல, முழிச்சிருந்தா வித்துடலாம்."

பதினோரு நாள்தான் மிச்சம். செருப்புக் கம்பெனி ஆட்கள் நோட்டுக் கடைக்குள் டேப் வைத்து அளப்பதை மனைவி பார்த்துவிட்டு வந்திருந்தாள். மெஷினில் உட்கார்ந்து தைத்ததையே பிரித்துப் பிரித்துத் தைத்தாள். கார்டுக்கு அந்தச் சத்தம் தாங்கவில்லை. மேஸ்திரியிடம் போய், மறுநாள் செங்கலோடு வரச் சொன்னார். சொல்லும்போது, கூடவே வந்த ஆள் ஒருவரைப் பாதி வழியில் இறக்கிவிட்டுப் போவதுபோல் அவருக்கு இருந்தது.

செய்தி லாண்டரியம்மாவின் காதுக்குப் போனது. அரைமணித் தூக்கத்துக்கு ஆபத்து என்றால் சும்மா இருப்பாரா? மறுநாள் மேஸ்திரி செங்கலை அடுக்கிக்கொண்டிருக்கும்போதே, ஒரு பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். பின்னாலேயே புரோக்கர் ஓடிவந்தார்.

"இவங்க பேக்கரி வச்சிருக்காங்க. இவங்க ஏப்ரன் எல்லாம் என்கிட்டதான் வெளுக்க வரும். ராத்திரி பூரா ரொட்டி சுடுறாங்க, பகல்ல தூங்க இடமில்ல. குடியிருக்கிற வீட்டுக்குக் கீழ தகரப் பட்டறை!"

பேக்கரியம்மாவின் கண்கள் பழுத்துச் சிவந்திருந்தன. நான்கு வருடமாகச் சரியாகத் தூங்கவில்லையாம். புருவத்தில்கூட மாவு இருந்தது. குளியலறையைப் பார்க்கவில்லை, சமையலறையைப் பார்க்கவில்லை. நேராக நடு அறைக்குப் போய் ஜன்னலுக்குக் கீழே, செங்கலுக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். மேஸ்திரி நிலைமையைப் புரிந்துகொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

"விலை சொல்லுங்க," என்றார் பேக்கரியம்மா.

கார்டு சொன்னார்.

"அது கொஞ்சம்..." என்றார் அவர். மீதியைச் சொல்லவில்லை. சோப்பு வாசனையோடு ஒரு காற்று வந்துபோனது.

"மேடம் சொல்றது என்னன்னா சார்," என்று நடுவில் புகுந்தார் புரோக்கர், "ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு..." அவருடைய தலை தோளில் விழுந்தது. சாட்சிக்கு உட்கார்ந்த லாண்டரியம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார்.

கார்டு விழித்திருக்கத்தான் பார்த்தார். முப்பத்தாறு வருடம் பணியில் ஒரு கணம் கண்மூடாதவர். பொறுப்பு இப்போது அவர் ஒருவர் மேல்தான். தொடையைக் கிள்ளினார். பொத்தான்களை எண்ணினார். ஐந்தாவது பொத்தானில் கூரை மெல்ல நகர ஆரம்பித்தது.

வீடு கிளம்பியது. குலுக்கலே இல்லை. அவர் கடைசிப் பெட்டியில் இல்லை. முன்னால், எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றுகொண்டிருந்தார். தூரத்தில் புகையாக இருந்த மலை திரண்டு, பெருத்து, அவரை நோக்கி வந்தது. புள்ளிகள் பிள்ளைகளாகிக் கையசைத்தன. எத்தனையோ வருடங்களுக்கு முன் விலகிப்போன ஊர்களெல்லாம், விளக்கும் மரமும் நடைமேடையுமாக, ஒவ்வொன்றாக எதிரே வந்து முகத்தைக் காட்டின. கடைசியில் ஒரு மூலைக் கடை வந்தது, முழுக்கக் கண்ணாடியாக. உள்ளே ஒருத்தி தலைகுனிந்து தைத்துக்கொண்டிருந்தாள். வண்டி வருகிறது என்று தெரிந்து நிமிர்ந்து பார்த்தாள்.

யாரோ தோளைத் தொட்டார்கள். சாயங்கால வெயில் அறையெல்லாம் தேன்நிறமாகப் படிந்திருந்தது. பேக்கரியம்மா எதிரே உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணில் சிவப்பே இல்லை. பத்து வயது குறைந்திருந்தது. கார்டைக் கேட்டால் பதினைந்து என்பார்.

"நான் ஏதாவது விலை சொன்னேனா?" என்று கேட்டார்.

கார்டின் வாய்வரை ஒரு பொய் வந்தது. விழுங்கிக்கொண்டார். "'அது கொஞ்சம்'னு சொன்னீங்கம்மா. அதோட தூங்கிட்டீங்க. குறைச்சுக் கேக்கத்தான் வந்தீங்க போல. என்கிட்ட பதினோரு நாள்... இல்ல, பத்து நாள்தான் இருக்கு. கொஞ்சம் குறைக்கிறேன், சொல்லுங்க."

பேக்கரியம்மா எழுந்து ஜன்னல் கட்டையில் கையூன்றி வெளியே பார்த்தார். விரிப்புகளை மடித்து எடுக்க ஆரம்பித்திருந்தார்கள்.

"கனவுல நான் இங்க குடிவந்து ஏழு வருஷம் ஆச்சு," என்றார். "அந்த மூலையில என் கட்டில். இங்க ஒரு பூந்தொட்டி. அந்தக் கதவு மழைக்கு ஒருதரம் இறுகிப்போச்சு, நானே சீவிவிட்டேன். சொந்த வீட்டுக்கு யாராவது பேரம் பேசுவாங்களா? நீங்க சொன்ன விலைதான். அந்தச் செங்கலை மட்டும் வெளிய எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க."

புரோக்கர் திடுக்கிட்டு எழுந்து, "...தொகைக்கு வருவோம்!" என்று தன் வாக்கியத்தை முடித்தார். எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்லி அவரை நம்பவைக்கக் கால்மணி நேரமானது.

எண்பத்தெட்டாம் நாள் பத்திரம் பதிவானது. எண்பத்தொன்பதாம் நாள் காலையில் கார்டின் மனைவி மெஷினைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்தாள். முதல் வேலையாகக் கணவரின் சட்டைக்கு ஒரு பொத்தான் தைத்தாள். அது அறுந்திருக்கவேயில்லை, உறுதிக்கு இன்னொரு தையல், அவ்வளவுதான்.

அந்தக் கடையில்தான் மச்சான் தினமும் வந்து உட்கார்ந்து, தினமும் நம்பாமல் போனார். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தவர், ஒருநாள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"அந்த வீட்டுக்கே நேர்ல போய் அந்தப் பேக்கரிக்கார அம்மாவைக் கேட்டுடறேன். விசாரிச்சா ரெண்டு நிமிஷத்துல சாயம் வெளுத்துடும்."

"உட்காராதீங்க மச்சான்," என்றார் கார்டு.

"எனக்கா சொல்றீங்க? முப்பது வருஷம் நின்னே வேலை பார்த்தவன் நான். நின்னுக்கிட்டே கேட்டுட்டு, நின்னுக்கிட்டே திரும்பிடுவேன்."

காலை பதினொரு மணிக்குப் போனார். பன்னிரண்டானது, இரண்டானது. மனைவி இரண்டு ஜாக்கெட்டை வெட்டித் தைத்து முடித்தாள். கார்டு வாசலைப் பார்ப்பதும் ஒன்றும் தெரியாதவர்போல் கத்தரியைத் துடைப்பதுமாக இருந்தார். ஐந்தரைக்கு மச்சான் தெருமுனையில் தெரிந்தார். நடையில் அவசரம் இல்லை. யாரோ கைத்தாங்கலாக அழைத்து வருவதுபோல் மிதந்து வந்தார். கன்னத்தில் மாவுக் கோணிப்பையின் இழை வரிவரியாகப் பதிந்திருந்தது. சட்டையின் முதுகெல்லாம் மாவு.

"என்னண்ணே இது?" என்று தங்கை முதுகைத் தட்டிவிட்டாள். கடைக்குள் வெள்ளையாகப் புகை பறந்தது.

மச்சான் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடி வழியே தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். கார்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்குள் அவர் உயிர் போய் உயிர் வந்தது.

"நின்னுக்கிட்டுதான் கேட்டேன்," என்றார் மச்சான் கடைசியில். "'அன்னைக்கு நாலு பேரும் நிஜமாவே தூங்கினீங்களா?'ன்னு தெளிவா கேட்டேன். அந்த அம்மாவும் நல்லாத்தான் பதில் சொன்னாங்க. என்ன சொன்னாங்கன்னுதான் தெரியல." கன்னத்து வரியை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டார். "நடந்திருக்கு மாப்பிள்ளை. நீங்க சொன்னது அத்தனையும் நடந்திருக்கு."